தகரக் கதவு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேனாவைப் பிடித்தால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் போன வாரம் அம்மா ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். புது மரக்கதவோடு வந்தவர் அதே கதவோடு போனார். அதனால்தான் உட்கார்ந்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். சின்னசேலத்தில் ஒரு ரைஸ்மில் கொட்டகையைப் பிரித்தபோது, நெளிநெளியான பழைய தகரங்களை அப்பா வாங்கி வந்தார். கூரைக்குப் போட்டது போக மிச்சத்தை எறிய மனசு வரவில்லை. தடுப்பு, கோழிக்கூண்டு, சட்டி அடுக்கும் அலமாரி, எல்லாம் தகரம். பெஞ்சுகூடச் செய்தார். விருந்தாளி உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் ஏர் ஓட்டிய மாதிரி துருக்கோடு இருக்கும். நான் பின்னாலேயே போய்ச் சிரிப்பேன். பழைய டயர் துண்டுகளைக் கீலாக வைத்த வாசல்கதவும் தகரம்தான். தொட்டால் ஊரைக் கூட்டும்.

அந்தச் சத்தம் அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று. உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டு மறியல். அண்ணனுக்கு அங்கே போகக் கால் துடித்தது. போலீஸ் லாரிகள் வந்திருப்பதாகக் கேட்டதிலிருந்து அம்மா அவனை வாசல் தாண்ட விடவில்லை. வீட்டுக்கு இருந்தது ஒரே வாசல். கதவு அசைந்தாலே அடுப்படியிலிருந்து குரல் வரும்: "யார்ரா அது?"

எனக்கோ அந்தக் கதவின் நெளிவுகளில் குச்சியை இழுப்பதுதான் விளையாட்டு. கர்ரென்று பல் கூசும். அன்று காலை அண்ணனே குச்சியை ஒடித்துக் கொடுத்தான்.

"இழுடா குள்ளா, நல்லா இழு. உன் கையில இன்னா தெம்பு கீதுன்னு பாக்கலாம்."

இழுத்தேன்.

"ஏன்டா காலைலயே தகரத்த பேத்துக்கினு கீற? காது போவுது!" என்று அம்மா கத்தினாள்.

அண்ணன் உதட்டில் விரலை வைத்தான், கண்ணடித்தான், கதவைத் திறந்து போய்விட்டான். புது விளையாட்டு என்று நினைத்து, கை வலிக்கும்வரை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

மறியலுக்குப் போனவர்கள் சாயங்காலம் சிதறி ஓடிவந்தார்கள். அண்ணன் வரவில்லை. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ஜெயில் என்று அப்பா அலைந்தார். எங்கேயும் இல்லை. பெங்களூர் பக்கம் ஓடியிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் நான் குச்சியை எடுத்தாலே அம்மா பிடுங்கி அடுப்பில் வைத்தாள். சத்தம் ஆகாமல்தான் என்று நினைத்தேன். ஆனால் காற்றில் கதவு ஆடினால், கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்து நிற்பாள். அது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது வீடு தளம் போட்டாயிற்று. பெஞ்சும் அலமாரியும் பழைய இரும்புக்குப் போயின. கதவு மட்டும் நிற்கிறது. ஆசாரி போன கதையைக் கூட்டாளியிடம் சொல்லி, "எங்கம்மாவுக்குத் தகரத்து மேல அவ்ளோ ஆசைடா, அரமணையே கட்டிக் குடுத்தாலும் தகரக் கதவுதான் கேக்கும்" என்று கிண்டலடித்தேன்.

அவன் சிரிக்கவில்லை.

"ஆசை தகரத்து மேல இல்லடா, உங்கண்ணன் வந்தா சத்தம் கேக்கணும்ல."