தூங்கும் போனுக்கு ஒரு மிஸ்டு கால்

“உங்க ஊர்ல டவரே சரியா கெடைக்காதேம்மா. அங்க உட்கார்ந்துகிட்டு இத எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்றார் பெங்களூர் அலுவலகத்தில் எங்கள் குழுவை நடத்துபவர். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டார். அதுதான் எனக்கு உறைத்தது.

பயிற்சியில் இருந்த என்னிடம் கொடுத்திருந்தது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு கைபேசி. பார்த்தால் போன், உள்ளே சின்னக் கணினி. பெங்களூரில் இருப்பவர்கள் தங்கள் மேசையிலிருந்தே அதன் திரையைத் திறந்து மவுஸால் இயக்கிப் பார்ப்பார்கள். அதற்கான ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள் சில நிமிடம் நன்றாக ஓடும். பிறகு அவர்கள் பக்கம் திரை கறுத்து இணைப்பு அறுந்துவிடும். இரண்டு வாரத்தில் இதைச் சரிசெய்தால் மொரப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் பெங்களூரில் விடுதி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்தவள் ஊரைவிட்டுப் போயே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் டவர்மேல் விழுந்த பழியைத் துடைத்தேன். அதே கம்பெனி சிம் போட்ட என் சொந்தப் போனைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலிருந்தும் நொடிக்கொரு முறை பெங்களூர் சர்வருக்குத் தகவல் போகும்படி செய்தேன். என் போன் காலையிலிருந்து மதியம்வரை ஒருமுறைகூட இணைப்பை விடவில்லை. லினக்ஸ் போன் மட்டும் திரை அணைந்த சற்று நேரத்தில் ஊமையாகிவிட்டது. கண்ணாடியில் விரல் பட்டால்தான் ஆள் இருப்பதாக அதற்குக் கணக்கு. தூரத்திலிருந்து வரும் மவுஸை அது மதிப்பதே இல்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆழ்ந்து தூங்கிவிடுகிறது.

மறுநாள் காலை தூங்காதபடி செட்டிங்கை மாற்றினேன். மதியத்துக்குள் சார்ஜ் காலி. போனின் முதுகு தோசைக்கல்லாகச் சுட்டது.

அந்த நேரத்தில்தான் அண்ணி வந்தார். அண்ணன் லாரியோடு போய்விடுவதால் எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டைப் பார்ப்பது அண்ணிதான். கையெழுத்துப் போடுவதோடு அவர் படிப்பு முடிந்தது. கரண்ட் வந்துவிட்டதென்று வாசலில் நின்றபடியே போனை எடுத்து ஒரு மிஸ்டு கால் விட்டார். காட்டில், சிம் போட்ட ஸ்டார்ட்டர் பெட்டி தண்ணீர் மோட்டாரைக் கிளப்பியது.

“ஏம் பாப்பா, மூணு நாளா அதயே மொறச்சிப் பாக்கற, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி. என்னதான் ஆச்சு அதுக்கு?”

“தூங்கிடுதுங்க அண்ணி. தூங்கினா பெங்களூர்க்காரங்க உள்ள வர முடியல.”

“ஆராச்சும் போன் பண்ணா அடிக்குமா?”

“அடிக்குங்க.”

“அப்பறம் என்ன? மோட்டாரு மட்டும் முழிச்சிட்டா கெடக்குது? கால் வுட்டா எழுந்து ஓடுதில்ல? இத்தன படிச்சிட்டு ஒரு மிஸ்டு கால் வுடத் தெரியல உனக்கு.”

அவர் சொன்னது சரி. போன் முழுக்கத் தூங்கினாலும் அழைப்பை வாங்கும் மோடம் மட்டும் விழித்திருக்கிறது. இணையத்துக்கு எழாதது அழைப்புக்கு எழும். பாடத்தில் படித்திருந்தேன், கைக்கு வரவில்லை. அண்ணி தினமும் செய்துகொண்டிருந்தார்.

போகிறபோது திரும்பிச் சொன்னார்: “நம்பர மட்டும் பதிஞ்சி வெச்சிக்க. போன வருசம் எவனோ லோன் வேணுமான்னு கூப்ட்டு, மோட்டாரு ஓடி, காடே தண்ணி ரொம்பிப் போச்சு. அப்பறந்தான் நம்ம வூட்டு நம்பருக்கு மட்டும் எழுந்துக்கற மாதிரி செஞ்சேன்.”

மெக்கானிக்கிடம் அப்படி ஒரு வசதி உண்டா என்று கேட்டு வாங்கியதும் அவர்தான். பிழை எங்கே வரும், அதை எப்படி அடைப்பது என்று யோசிக்கிறவர்களைத்தான் எங்கள் தொழிலில் திறமைசாலிகள் என்கிறோம். அந்தத் திறமைசாலி எங்கள் வீட்டிலேயே களைக்கொத்தோடு நடமாடுவதை இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை.

அன்று மாலையே சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். பதிந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் போன் எழும், அழைப்பைத் துண்டிக்கும், இணையம் திரும்பக் கிடைத்ததும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிடும், வந்தவர்கள் வேலை முடித்துப் போகும்வரை தூங்காது.

மறுநாள் குழுத் தலைவரிடம் ஒரு மிஸ்டு கால் விடச் சொன்னேன். இரண்டு முறை மணி அடித்தது. சில நொடிகளில் அவர் திரையில் என் கைபேசி திறந்துகொண்டது.

“திரும்பத் தூங்க வைங்க” என்றார். வைத்தேன். எழுப்பினார். இன்னொரு முறை கேட்டார், அப்போதும் எழுந்தது. சிரித்துவிட்டு, “யார் யோசனை இது?” என்றார்.

“எங்க அண்ணியோடதுங்க. ஸ்கிரிப்ட் என்னோடது.”

அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

போன வாரம் பணி ஆணை வந்தது. பணியிடம் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.