அமாவாசை வேன்

எங்கள் ஆரணியில் நெசவு வீட்டார் எங்கே போவதென்றாலும் அமாவாசையன்றுதான். அன்றைக்குத்தான் தறிக்கு லீவு. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் எவரோ, அவர் ஒருநாளும் அடுப்படியில் நின்றிருக்கமாட்டார். படையலும் அன்றைக்குத்தானே? வடை, பாயசம், வாழைக்காய் என்று சமைத்து, காக்கைக்கு வைத்து, வீட்டார் சாப்பிட்டு எழுந்திருக்க மதியம் தாண்டிவிடும். அதற்குமேல் கிளம்பினால் பக்கத்தில் இருக்கும் படவேடு கோயிலுக்குத்தான் போகமுடியும். கல்யாணமானதிலிருந்து எனக்கு டூர் என்றால் படவேடுதான்.

என் மாமியாருக்குக் கடல் பார்க்கவேண்டும். மூட்டுவலி வந்தபிறகு, கால் நடக்கிறபோதே பார்த்துவிடவேண்டும் என்று வாய்விட்டே கேட்டார். என் வீட்டுக்காரரும் அவருக்கு அண்ணனான மூத்தாரும் வழக்கம்போல, "படையல் முடிஞ்சி மகாபலிபுரம் போனா இருட்டிடும். இருட்டுல இன்னாத்த பாக்கறது?" என்றார்கள்.

நான்தான் வழி சொன்னேன். "மாமாவுக்கு கடல்லயே தர்ப்பணம் குடுத்துடுங்க. அமாவாசைக்கு அதுதான விசேஷம்? விடிகாலைல கெளம்பிடலாம். ஒரு மாசம் வூட்ல படையல் போடலன்னா அவரு கோச்சிக்கவா போறாரு?" இரண்டு பேரும் தலையாட்டினார்கள். வேன் பேசினார்கள். மாமியார் நல்ல புடவையாக எடுத்துவைத்தார்.

அன்று விடிகாலை நாங்கள் கிளம்பி வெளியே வந்தால், வேன் நிறையப் பங்காளிகள். என் வீட்டுக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "இவங்களும் தர்ப்பணம் குடுக்கணுமாம். எடம் இல்ல. படையலயும் வுடக்கூடாதுன்றாங்க, நீங்க ரெண்டு பேரும் போட்டுடுங்க."

யோசனை என்னுடையது, பயணம் அவர்களுடையது. உளுந்து அரைத்துக்கொண்டே வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மாமியார் வாழைக்காய் சீவினார்.

பொழுது சாய்ந்து திரும்பியவர்கள் ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் கொண்டுவந்தார்கள். "தலைல தெளிச்சிக்கம்மா, புண்ணியம்" என்றார் மூத்தார். என் வீட்டுக்காரர் போனில் படம் காட்ட வந்தார். மாமியார் படத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். மூடி, மகன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

பிறகு என்னிடம் சொன்னார். "அடுத்த அமாவாசைக்கு நீ அடுப்பு பத்தவெக்காத. எம் புருசங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."