சுவருக்கும் மெஷினுக்கும் நடுவுல

எனக்கு மூக்கு மேல கோபம். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் இன்னாம்மா இப்படின்னு கேக்கக் கூடாது.

தொண்ணூறுகளோட கடைசி. சாம்பியன் ரீப்ஸ்ல தங்கச் சுரங்கக் கம்பெனி வரிசையா கட்டிக் குடுத்த லைன் வீட்டுல இருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்துல வேலை. அடியில பாறை இறங்கிடாம மரத்தை நிறுத்தி, ஆப்பு அடிச்சு முட்டுக் குடுக்கறவர். எனக்கு பெங்களூர்ல ஒரு கம்பெனியில வேலை கிடைச்சு மூணு வாரம் ஆகியிருந்தது. மின்சார மீட்டருக்குள்ள போற ஒயரையெல்லாம் அளவா வெட்டிக் கட்டி, ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணி அனுப்பணும். விடியறதுக்குள்ள ரயில் ஏறினா சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்புவேன். வீட்டு வேலை நிக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு கண்டிஷன் போட்டுத்தான் அவர் ஒத்துக்கிட்டார். ரெண்டு பிள்ளைங்க துணி, அவரோட சேறு பிடிச்ச ஷிஃப்ட் துணி, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் வாஷிங் மெஷின் வாங்கினோம்.

எங்க ஊர்ல ஏர் பிளாஸ்ட் வரும். கீழே எங்கேயோ பாறை வெடிச்சா மேலே வீடு ஒரு குலுக்கு குலுங்கும். அதனால எதையும் சும்மா நிக்க விடமாட்டாங்க. பீரோவுக்கு ஆப்பு, தண்ணி டிரம்முக்கு ஆப்பு, சுவத்துல இருந்த புத்தர் படத்துக்கு ஒண்ணுக்கு ரெண்டு ஆணி. மெஷின் வந்த அன்னிக்கு, துணி பிழியற நேரத்துல அது ஆடறதை அவர் பார்த்தார். “இன்னாது இது, பேய் பிடிச்சாப்ல ஆடுது”ன்னு அதோட முதுகுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு கட்டையைச் சொருகி, சுத்தியலால நாலு போடு போட்டார். அதுக்கப்புறம் அசையலை. பக்கத்து வீட்டுல இருக்கறவங்களைக் கூப்பிட்டு வேற காட்டினார்.

மூணாவது சனிக்கிழமை மெஷின் நின்னு போச்சு. டிரம் திடீர்னு வெறி வந்தாப்ல சுத்தும், அப்படியே நிக்கும், சிவப்பு லைட் விட்டு விட்டு எரியும். புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தா, மோட்டார் வேகத்துல கோளாறுன்னு போட்டிருந்தது. கடையிலிருந்து வந்த மெக்கானிக் முன்னாடி நின்னே காது குடுத்துக் கேட்டான். பின்னாடி பார்க்க இழுத்தான், வரலை. ஆப்பு பிடிச்சிருக்கே, எப்படி வரும்! “மோட்டார் போச்சும்மா, புதுசு வர ரெண்டு மாசம் ஆகும்”னு சொல்லிட்டுக் கிளம்பிட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில குவிஞ்சு கிடந்த துணியைப் பார்த்துட்டு இவர் சொன்னார்: “ரெண்டு மாசம் யார் துவைக்கறது? நாளைக்குப் போய் வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு.”

எழுதிக் குடுக்கறதாம்! எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. மூணு வாரத்துல நான் கட்டின ஒயர்ல ஒண்ணு கூட திரும்பி வரலை. சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் சொன்னாங்க. அந்த வேலையை ஒரு மூட்டை துணிக்கு விடணுமா?

“கட்டையை எடுங்க”ன்னேன்.

“உனக்கின்னா தெரியும் மோட்டாரப் பத்தி?”

“மோட்டாரப் பத்தித் தெரியாது. ஒயரப் பத்தித் தெரியும். எடுக்கறீங்களா, நானே உடைக்கட்டா?”

முணுமுணுத்துக்கிட்டே எடுத்தார். ஆனா ஒண்ணு சொல்லணும். நான் ஸ்க்ரூவுல கை வைக்கறதுக்கு முன்னாடி ஃபியூஸ் கட்டையை உருவி தன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார். சுரங்கத்துல ஆள் உள்ளே இறங்கி வேலை செய்யும்போது யாரும் தெரியாம கரண்ட் போட்டுடக் கூடாதுன்னு அப்படித்தான் செய்வாங்களாம். கோபத்துலயும் அதை மறக்கலை மனுஷன்.

மெஷினைத் திருப்பினதும் பார்த்தா, ஆப்பு அடிச்ச இடத்துல பின்பக்கத் தகடு உள்ள அமுங்கி இருந்தது. தகட்டைக் கழட்டினேன். அது அமுங்கினதுல ஒயர் கட்டு போய் சுத்தற சக்கரத்துல ஒட்டிக்கிட்டு, உரசி உரசி ஒரு மெல்லிசான ஒயர் அறுந்து போயிருந்தது. மோட்டாரோட வாலிலிருந்து மேல இருக்கற கன்ட்ரோல் பலகைக்குப் போற ஒயர் அது. சந்தேகத்துக்கு டார்ச் செல்லும் பல்பும் வச்சு மத்த ஒயரையெல்லாம் பார்த்தேன். எரிஞ்சுது. இது ஒண்ணுதான் எரியலை. எவ்வளவு வேகமா சுத்தறோம்னு மோட்டார் மேலே சேதி சொல்ற ஒயராத்தான் அது இருக்கணும். சேதி வரலைன்னா மெஷின் பாவம் இன்னா பண்ணும், பயந்து நின்னுடுது.

சுரண்டி, முறுக்கி, டேப் சுத்தி, சக்கரத்துக்கு எட்டாம தள்ளிக் கட்டினேன். தகட்டை அவரே நிமித்திக் குடுத்தார். ஃபியூஸைப் போட்டு ஓட விட்டோம்.

ஐயோ, என்ன சந்தோஷம்! நிதானமா சுத்திச்சு, வேகம் எடுத்துச்சு, லைட்டே எரியலை. ஆனா கட்டை இல்லாததால மெஷின் தரையில நகர்ந்து நகர்ந்து சமையலறைப் பக்கம் கிளம்பிடுச்சு. இவர் கை தன்னால கட்டைக்குப் போச்சு.

“அதைத் தொட்டீங்க, தெரியும் சேதி!”ன்னு கத்தினேன்.

கையை இழுத்துக்கிட்டார். அப்புறம் சுரங்கத்துக்கு எடுத்துட்டுப் போற ரசமட்டத்தைக் கொண்டு வந்து மெஷின் மேல வச்சு, கீழே படுத்து, நாலு காலையும் திருகித் திருகிச் சமம் பண்ணினார். நகர்றது நின்னுடுச்சு. அந்தக் கட்டை அன்னிக்கே அடுப்புக்குப் போச்சு.

திங்கள்கிழமை வேலைக்குப் போனேன். எதையும் எழுதிக் குடுக்கலை.

அந்த வாரமே ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷன்லேருந்து நடந்து வந்து கேட்டைத் திறக்கப் போனேன். உள்ளே பேச்சுக் குரல். அடுத்த லைன்லேருந்து ஒருத்தர், அவங்க வீட்டு மிக்ஸி ஓடலைன்னு கையில தூக்கிக்கிட்டு வந்து, மெக்கானிக் யாராவது தெரியுமான்னு கேட்டுக்கிட்டிருந்தார்.

இவர் சொன்னது நல்லாக் காதுல விழுந்துச்சு: “மெக்கானிக் எங்கூட்டுலயே இருக்காங்க. வேலைக்குப் போயிருக்காங்க, ரயில் வர்ற நேரம்தான். உக்காருங்க, டீ போடறேன்.”

உடனே உள்ளே போகலை நான். அவர் டீ போட்டு முடிக்கட்டும்னு கேட்டுக்கு வெளியவே கொஞ்ச நேரம் நின்னேன்.