இரண்டுக்கு ஒன்று

கடப்பாரையைக் கதவிடுக்கில் செருகி, முழு உடம்பையும் கொடுத்து நெம்பினேன். மரம் 'கிறீச்' என்றது. பிளக்கவில்லை. கீழ் வீட்டுக்காரர் படியில் நின்று, "யாருப்பா நீ? போலீசைக் கூப்பிடுவேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"கூப்பிடுங்க சார். ஆம்புலன்சையும் சேர்த்துக் கூப்பிடுங்க!"

அப்போது மணி மாலை 5:52. ஞாயிற்றுக்கிழமை. வெளியே வெளிச்சம் இருந்தது.

இதைச் சொன்னால் கதை விடுகிறான் என்பீர்கள். பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பீர்கள். எனக்கு நடந்தது டீ குடிக்கிற நேரத்தில்தான். நான் லிஃப்ட் மெக்கானிக். பதினோராவது மாடிக்கு மேலே கம்பியில் தொங்கி வேலை பார்க்கிறவன். எளிதில் பயப்படுகிற ஆளில்லை... இல்லாமல் இருந்தேன்.

ஒரு மணி நேரம் முன்னால் போகிறேன்.

நாங்கள் நாலு பேர். வேலை வேறு, வயது வேறு. சேர்த்து வைத்தது ஒரு துப்பறியும் கம்ப்யூட்டர் கேம். பெயர் 'சாம்பல் மாடி'. நீங்கள்தான் துப்பறிவாளர். நீங்கள் எடுக்கும் முடிவுக்குத் தக்கபடி கதை திரும்பும். மொத்தம் ஆறு முடிவுகள். ஆறையும் பார்த்துவிட்டோம். ஆனாலும் இரண்டு வருடமாக, ஞாயிறு தவறாமல், ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு சண்டை போடுவோம்.

சண்டை ஒரே ஒரு கதவைப் பற்றி.

நாலாம் கட்டத்தில் துப்பறிவாளர் ஒரு வீட்டு வாசலில் நிற்பார். உள்ளே சாட்சி உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பாள். கையில் கோர்ட் உத்தரவு இல்லை. திரையில் இரண்டு வார்த்தைகள் வரும். உடை. காத்திரு. உடைத்தால் சாட்சி பிழைப்பாள். வழக்கு தோற்கும், கொலைகாரன் தப்பிப்பான். காத்திருந்தால் கொலைகாரன் மாட்டுவான், சாட்சி செத்துப்போவாள்.

"காத்திருக்கணும். சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்பான் வக்கீல். நிஜ வக்கீல் இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை. வாய்க்காகக் கிடைத்த பட்டம்.

"உள்ள கெடக்குறது உங்க தங்கச்சியா இருந்தா?" என்பார் கணக்கு டீச்சர்.

"என் தங்கச்சின்னா நான் ஏன் கேம் ஆடிட்டு இருக்கேன் டீச்சர்?"

நாலாவது ஆள் மூக்கு. பேக்கரியில் மாவு பிசைகிறவன். கொலைகாரனை வாசனையிலேயே கண்டுபிடிப்பதாகப் பீற்றிக்கொள்வான். இதுவரை ஒருவனைக்கூடக் கண்டுபிடித்ததில்லை.

சண்டை முற்றாமல் இருக்க வக்கீலே சட்டம் போட்டிருந்தான். ஒருவர் ஆடுவார். அவர் திரையும் சத்தமும் குழு அழைப்பில் எல்லோருக்கும் வரும். மற்ற மூவரும் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு ஆடுபவரின் போனுக்கு மட்டும் வரும். அவர் எண்ணிச் சொல்வதே தீர்ப்பு. தோற்றவர் தன் மைக்கை மூடிவிட வேண்டும். அடுத்த ஓட்டு வரை மூச்சு விடக் கூடாது.

அந்த ஞாயிறு என் முறை. ஒரு புது வதந்தி வேறு. 'காத்திரு' என்று அமுக்கிவிட்டு எதையும் தொடாமல் இருந்தால், கால் மணிக்கு ஒருமுறை கேம் மறுபடி கேட்குமாம். நாலு தடவையும் 'காத்திரு' என்றே சொன்னால் ஏழாவது முடிவு வருமாம். உலகத்திலேயே யாரும் பார்க்காத முடிவு. எனக்குக் கை அரித்தது.

மணி 4:50. வக்கீலின் குரல் வந்தது. "மாப்ளே, ஆரம்பிங்க. நான் அஞ்சு நிமிஷத்துல குளிச்சிட்டு வந்துடறேன்."

"வாரத்துக்கு ஒருக்கா குளிக்கிறதைக் கெடுக்காதப்பா," என்றான் மூக்கு.

"கை கழுவாம மாவு பிசையறவன் பேசற பேச்சா இது?"

சிரித்துக்கொண்டே போனான். அவன் மனைவி, குழந்தைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் மட்டும்தான்.

5:06. முதல் ஓட்டு. வதந்தியைச் சோதிப்பதற்காக டீச்சரும் இறங்கி வந்திருந்தார். டீச்சர், காத்திரு. மூக்கு, காத்திரு. வக்கீலின் நம்பரிலிருந்தும் ஓட்டு வந்தது.

உடை.

"அடப்பாவி! வக்கீல் கட்சி மாறிட்டான்!" என்று கத்தினேன்.

"குளிக்கப் போனவர் எப்படி ஓட்டுப் போடறார்?" என்றார் டீச்சர்.

"பாத்ரூமுக்கும் போனைத் தூக்கிட்டுப் போற ஜென்மம் டீச்சர் அது."

எல்லோரும் சிரித்தோம். அவன் பதில் சொல்லவில்லை. மைக்கில் சிவப்புக் கோடு. தோற்றவர் பேசக் கூடாதே... சட்டத்தை மதிக்கிறான் என்று நினைத்தோம். ஒன்று மட்டும் இடித்தது. ஓட்டோடு அரைப் பக்கம் வாதம் எழுதி அனுப்புவது அவன் பழக்கம். இன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை.

5:11.

டக்... டக் டக்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ தட்டுகிறார்கள். மெதுவாக.

"இந்தத் தட்டல் போன தடவை கிடையாதே," என்றார் டீச்சர்.

"அதான் டீச்சர்! ஏழாவது முடிவு வருது!" மூக்கு குதித்தான்.

கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டல் விட்டு விட்டு வந்தது. நடுவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்ச் சத்தம். ஒருமுறை, ஏதோ தரையில் இழுபடுகிற மாதிரி...

"எனக்கு என்னவோ இது சரியாப் படலை," என்றார் டீச்சர்.

5:21. இரண்டாம் ஓட்டு. மூன்றும் வந்தன.

"காத்திரு. இரண்டுக்கு ஒன்று," என்றேன். "தோத்தவங்க மைக்கை மூடுங்க."

டீச்சர் மூடிவிட்டார்.

"டேய், வக்கீலும் மூடித்தானே இருக்கான்? ரெண்டு பேருமா தோத்தாங்க?" என்றான் மூக்கு.

"அவன் குளிக்கப் போனப்பவே மூடினதுடா. நீ திரையைப் பாரு."

டக் டக்.

டக்.

இடைவெளி கூடிக்கொண்டே போனது. எண்ணிப் பார்த்தேன். முதலில் பத்து நொடி. அப்புறம் முப்பது. அப்புறம் ஒரு நிமிடம்...

5:33.

டக்.

அதுதான் கடைசி.

5:36. மூன்றாம் ஓட்டு. டீச்சர், உடை. மூக்கும் இந்த முறை உடை. "போதும்டா. விளையாட்டா இல்லை இது," என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

கடைசியாக வக்கீல்.

காத்திரு.

"பழைய வக்கீல் வந்துட்டார்," என்றார் டீச்சர். யாரும் சிரிக்கவில்லை.

'உடை'யை அமுக்கினேன். கதவு திறந்தது. பழைய அறை. பழைய சாட்சி. மூன்றாவது முடிவு ஏழெட்டு நிமிடம் ஓடியது. புதிதாக ஒன்றும் இல்லை.

கேமை மூடினேன். திரையில் அழைப்பின் நாலு கட்டங்கள் மட்டும் மிஞ்சின.

சொட்டு.

சொட்டு...

"யார் வீட்டுல குழாய் ஒழுகுது?" என்றேன்.

"என் வீட்டுல இல்லை."

"இங்கயும் இல்லைடா."

வக்கீலின் கட்டத்தைப் பார்த்தேன். மைக்கில் அதே சிவப்புக் கோடு. மூடிய மைக்கிலிருந்து சத்தம் வராது. வரவே வராது.

அவனை அழைப்பிலிருந்து நீக்கினேன்.

சத்தம் நின்றது.

திரும்பச் சேர்த்தேன்.

சொட்டு.



வேலைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பைக்கில் ஐந்து நிமிடம். மூன்றாவது மாடி. பெல் அடித்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன். ஒன்றும் இல்லை.

5:54. கதவு பிளந்தது.

ஹாலில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் துண்டு. பாத்ரூம் கதவு உள்தாழ்ப்பாள். அதையும் உடைத்தேன்.

விழுந்து கிடந்தான். குழாய் முனையில் தலை மோதியிருந்தது. வெள்ளைத் தரை வெள்ளையாக இல்லை. கதவின் கீழ்ப் பலகையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், விரல் கணு பட்ட தடங்கள்... எண்ண முடியாத அளவுக்கு.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு மெதுவாகத்தான் தூக்கினார்கள்.

டாக்டர் ஐந்தரையை ஒட்டி உயிர் போயிருக்கும் என்றார். "ரத்தம் மெல்லத்தான் போயிருக்கு. ஐந்தரைக்குள்ள யாராவது கதவைத் திறந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

மூன்றாம் ஓட்டு 5:36க்கு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் அவன் மனைவியின் போனுக்கு ஓர் அழைப்பு. பக்கத்தில்தான் நின்றேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து பேசறேன். சார் சனிக்கிழமை காலையில குடுத்துட்டுப் போன போன், ஸ்கிரீன் மாத்தியாச்சு. சாரை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

நானே போனேன். சனிக்கிழமை மதியமே சிம்மைத் தனியாக ஒரு கவரில் போட்டு, போனைப் பிரித்து வைத்தாராம் கடைக்காரர். ஞாயிறு கடை விடுமுறை. சாவி அவர் இடுப்பில். ஞாயிறு 5:06, 5:21, 5:36... அந்த நேரத்தில் அந்தப் போன் மேசை இழுப்பறையில் துண்டு துண்டாகக் கிடந்தது.

டீச்சரிடமும் மூக்கிடமும் சொன்னேன். மூக்கு நம்பவில்லை. டீச்சர் அழுதார். "நான் ரெண்டாவது தடவையே உடைன்னுதானே போட்டேன். வக்கீலும் அப்பவே போட்டிருந்தா, கேம்ல கதவு திறந்த அப்புறமும் தட்டல் நிக்கலைன்னு தெரிஞ்சிருக்குமே. கேம் சத்தம் இல்லைன்னதும் அப்பவே ஓடியிருப்போமே..." என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

5:21க்கு வந்த மூன்று ஓட்டுகளும் இன்னும் என் போனில் இருக்கின்றன. அழிக்க விரல் வரவில்லை.

மூக்கு: காத்திரு.

டீச்சர்: உடை.

வக்கீல்: உடை.

ஏழாவது முடிவைப் பார்க்கிற ஆசையில், நான்தான் மாற்றிச் சொன்னேன்.