கந்தப்பளைக்குக் கொண்டுபோன மூலிகைக் கட்டு

கந்தப்பளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் மகள் அஞ்சலைக்கு லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாக ஒரு அறை கிடைத்தது. அதுவரை அவளும் கணவன் கருப்பையாவும் அவன் அண்ணன் குடும்பத்தோடு ஒரே அறையில், நடுவே சாக்குத் திரை கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவளுக்கு இது ஆறாம் மாதம். அறை கிடைத்ததென்று சந்தோஷப்பட வேண்டியவள் அழுதாள். முன்பு அங்கே இருந்த பெண் அந்த அறையிலேயே பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். அப்பா வந்து மூலிகைப் புகை போட்டால்தான் வாசற்படி ஏறுவேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அங்கே அடுப்பு எரியாவிட்டால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். ஆகவே போன மாசி மாதத்தில் அந்தச் சனிக்கிழமை காலை கொட்டகலையிலிருந்து புறப்பட்டேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமென்று இதை எழுதுகிறேன். இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்று ஒரு வருடம் ஆகவில்லை. ஒரு பக்கம் எழுத ஒரு மாலைப் பொழுது போகிறது. போனால் போகட்டும், எனக்கு இதைவிட நல்ல பொழுது வேறில்லை.

முதலில் மூலிகைக் கட்டைப் பற்றி. ஊரில் வேப்பிலைதான் முதல். இங்கே வேப்பங்கன்று இரண்டு முறை நட்டேன், இரண்டும் குளிரில் அழுகிப்போயின. அதனால் லயத்தின் பின்புறம் வளர்கிற துளசி, திருநீற்றுப்பச்சிலை, மரிக்கொழுந்து, இஞ்சிப்புல் இவற்றோடு டர்பன்டைன் என்கிற யூகலிப்டஸ் மரத்து இலையைச் சேர்க்கிறேன். அதன் வாசம் தலைவலியையே துரத்தும். பனி உலர்ந்த பிறகு வெட்டவேண்டும். முழங்கை நீளத்துக்கு அடுக்கி, நடுவில் சாம்பிராணித் தூள் தூவி, வாழைநாரால் இறுக்கிக் கட்டி, அடுப்புப் புகை படாத இடத்தில் தொங்கவிடவேண்டும். காம்பு படக்கென்று ஒடிந்தால் பதம். கட்டு தளர்ந்திருந்தால் குப்பென்று எரிந்து தீர்ந்துவிடும். இறுகியிருந்தால் நுனியில் கங்கு மட்டும் நின்று அரைமணி நேரம் புகையும். என் வீட்டு மோட்டில் எப்போதும் ஒன்றிரண்டு தொங்கும். அதில் பெரியதை எடுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டேன்.

கொட்டகலையில் காலை எட்டரைக்கு ரயில். நானுஓயா வரை இருபது மைலுக்குள் இருக்கும், மூன்றாம் வகுப்பில் ஐம்பது சதம்கூட ஆகவில்லை. வழியெல்லாம் ஸ்டேஷன் பலகைகளை நானே வாசித்துக்கொண்டு போனேன். வட்டகொடை வாசித்து முடிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது முடித்தேன்.

நானுஓயாவில் இறங்கிச் சின்ன ரயிலில் ஏறவேண்டும். பெட்டி குறுகல், முழங்கால் இடிக்கும். நுவரெலியா ஆறு மைல்தான், ஆனால் வண்டி மூச்சிரைத்து ஏறுகிறது. எதிரில் நுவரெலியாக் கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் சாக்கின் வாசத்துக்கு மூன்று தும்மல் போட்டுவிட்டு, "என்னங்க பெரியவரே, மூட்டையில கல்யாணமா கருமாதியா?" என்று கேட்டார். மகள் குடிபோகிறாள் என்றேன். அப்படியானால் ஜன்னல் பக்கம் வையுங்கள், வழியிலேயே பாதி வாசம் தீர்ந்துவிடப்போகிறது என்று இடம் மாறி உட்கார்ந்தார். நல்ல மனிதர். நுவரெலியாவில் இறங்கும்போது ஒரு வெற்றிலைச் சுருளும் கொடுத்தார்.

அதே ரயிலில் கந்தப்பளை வரை போய் இறங்கினால் இரண்டு மைல் நடை, முழுவதும் ஏற்றம். லயம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. அஞ்சலை இடுப்பில் சோற்றுப் பானையோடு வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. கருப்பையா வேலையிலிருந்தான். அவனுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அந்த ஸ்டோர் லயத்துக்கு நேர் மேலே இருக்கிறது.

பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கப் போனேன். வழியில் கம்பத்தில் தமிழில் ஒரு பலகை. நின்று எழுத்தெழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தேன். மாடியில் கொழுந்து இருக்கும்போது இந்த லயத்தில் சாம்பிராணியோ இலை தழையோ புகைக்கக் கூடாது, மீறுகிற குடும்பத்துக்கு வேலை இல்லை என்று இருந்தது. கடைசி வரி வரும்வரை வாசிக்கிற சந்தோஷத்தில்தான் இருந்தேன்.

தேயிலைக் கொழுந்து பக்கத்திலிருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு மாடிக் கொழுந்து கெட்டால் துரை சும்மா விடமாட்டார். காற்றும் ஸ்டோர் பக்கமாகத்தான் வீசியது. பக்கத்து வீட்டுப் பெண் நெருப்பை எடுத்து நீட்டியபடி, "போடுங்க பெரியவரே. நாளையிலேருந்து உங்க மருமகன் வீட்டைக் காவல் காத்துக்கிட்டு இருக்கலாம்" என்றாள்.

திரும்பி வந்து அஞ்சலையிடம் சொன்னேன். அவள் பானையைக் கீழே வைக்கவில்லை. "அப்படின்னா நான் வரலப்பா. அவுங்க அண்ணன் வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்றாள். வெயில் எதிர்மலையில் ஏறத் தொடங்கியிருந்தது.

பிறகு அவளே, மூலிகையை இடித்துச் சாணியில் கலந்து தரை மெழுகினால் மணம் ஸ்டோர் வரை போகுமா என்று கேட்டாள். சாணி அமுக்கிவிடும் என்றேன். பக்கத்து வீட்டுப் பெண் சாணியும் உரலும் கொடுத்தாள். மூலிகைக் கட்டில் பாதியை அவிழ்த்து இடித்துக் கரைத்தேன். அஞ்சலை படிக்கு வெளியிலேயே நின்றாள். வேறு வழியில்லாமல் நானே மெழுக உட்கார்ந்தேன். என் வயதுக்கு அதுவே முதல் தடவை.

"அப்பா, அது மெழுகுனதா, மாடு நக்குனதா?" என்றாள்.

தொடர்ந்து மெழுகினேன். கைவாகு வரவில்லை, திட்டுத் திட்டாக நின்றது.

"வாசல்ல ஆரம்பிச்சா எப்படி வெளிய வருவீங்க? பறந்தா?"

அதுவும் சரிதான். ஈரத்துக்கு உள்பக்கம் நான் இருந்தேன். அவள் பானையை இறக்கி வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் மெழுகிய திட்டைத் தாண்டி, என்னையும் தாண்டி, கடைசி மூலைக்கு நடந்துபோனாள். "எந்திரிங்க. சட்டியக் குடுங்க" என்று குந்தி உட்கார்ந்து, உள்சுவர் ஓரத்திலிருந்து பிறை பிறையாக இழுத்துக்கொண்டு பின்பக்கமாக வாசலுக்கு வந்தாள். வந்து சேர்ந்து கை கழுவும்போதுதான் தான் எங்கே போய்வந்தோம் என்று திரும்பிப் பார்த்தாள். நான் அடுப்புக்கு விறகு எடுக்கப் போனேன். பொழுது சாயுமுன் அடுப்பு எரிந்தது.

மறுநாள் மதியம் ஸ்டோர் மாடியில் கொழுந்தைக் காலி செய்துவிட்டார்கள். மீதிக் கட்டைக் கொண்டு இப்போது புகை போடலாம் என்றேன். அஞ்சலை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும்ப்பா, கண்ணு எரியும்" என்றாள். நிலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பளி கொண்டுபோங்கள், கந்தப்பளைக் குளிர் கொட்டகலைக் குளிரைப்போல் அல்ல. கட்டைப் பெரிதாகவே கட்டுங்கள், புகைக்காவிட்டாலும் இடிக்க உதவும். ஸ்டோர் பக்கத்து லயமானால் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். மெழுக நேர்ந்தால் வாசலில் தொடங்காதீர்கள்.