மாளவிகாவின் செம்பருத்தியில் வெள்ளைப் புழு

சுஜி ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். வயது நாற்பத்து மூன்று. மாடம்பாக்கம் போகிற சாலையில், எட்டுக் குடித்தனம் உள்ள ஃபிளாட்டில் இரண்டாம் மாடி வீடு. ஒன்பது வருடமாக அந்த மொட்டைமாடித் தோட்டம் அவளுடையது. முப்பது தொட்டி, எல்லாம் ஒரே காவி நிறம். ஒரு காய்ந்த இலை கீழே கிடக்காது. யாருக்குக் கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் அவள் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

போன வருடம் எதிர்வீட்டுக்கு மாளவிகா குடிவந்தாள். ஐடி வேலை, முக்கால்வாசி நாள் வீட்டிலிருந்தே. மாடியின் மறுபாதியில் பெயின்ட் வாளிகளையும் ஓட்டை பக்கெட்டுகளையும் கொண்டுவந்து செடி வைத்தாள். கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்கவிட்டாள். சோம்பும் துளசியும் சாமந்தியும் கண்டபடி பூத்துக் கிடந்தன. நடுவே ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்திருந்தாள்.

"இது எதுக்கு?" என்றாள் சுஜி.

"பூச்சிங்க குடிக்கக்கா. நல்ல பூச்சி வந்தா கெட்ட பூச்சியை அதுவே பாத்துக்குமாம். படிச்சேன்."

"நல்லாப் படிச்சே போ" என்று சுஜி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஆறு மாதம்கூட நிற்கவில்லை. சுஜியின் அவரைக்கொடி நுனியெல்லாம் அசுவினிப் பூச்சி மொய்த்துக் கருத்தது. வாரம் இரண்டு தரம் மருந்தடித்தாள். இரண்டு நாள் போகும், மறுபடி மொய்க்கும். இருபதடி தள்ளி மாளவிகாவின் அவரை கொத்துக்கொத்தாகக் காய்த்தது. குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் அதன் படம் வந்தது. கீழ்வீட்டு வேதா மாமி, "நம்ம பில்டிங்குக்கே கைராசிக்காரி வந்திருக்கா" என்று எழுதினாள். சுஜி பதிலுக்கு ஒரு பூ எமோஜியைப் போட்டாள், உடனே அழித்தாள், யாராவது பார்த்திருப்பார்களோ என்று திரும்பப் போட்டாள். அன்றிலிருந்து காலையில் மாடி ஏறினால், தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் மாளவிகாவின் செம்பருத்தியில் எத்தனை மொட்டு என்று எண்ணிப் பார்த்தாள். கூடுதலாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மார்ச் மாதம் அந்தச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி விழுந்தது. கிளை நுனியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. ஒரு வாரத்தில் அதன் நடுவே இன்னும் பெரிய, சடை சடையான வெள்ளைப் புழுக்களும் தெரிந்தன. சுஜிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பூச்சி வளர்த்து மாடியையே நாசமாக்குகிறாள் என்று குடியிருப்போர் சங்கத்தில் காட்டலாம் என நினைத்து, ஆளில்லாத நேரம் ஒரு நுனியைக் கிள்ளி, ஸாம்பிள் டப்பாவில் அடைத்து வேலைக்குக் கொண்டுபோனாள்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பெரியது நகர்ந்தது. அதற்கு ஆறு கால். பக்கத்திலிருந்த மாவுப்பூச்சியை வாயில் கவ்வி, உறிஞ்சி, வெறும் தோலாக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனது.

கூட வேலை செய்யும் மெர்வின் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, எந்த பேஷன்ட்டு இது? ஒண்ணை ஒண்ணு துண்ணுகினு கீது!"

அது ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சு என்று போனில் தேடித் தெரிந்துகொண்டாள். மாவுப்பூச்சி வேஷத்தில் இருந்தே மாவுப்பூச்சியைத் தின்னுமாம். மாளவிகா கூப்பிட்ட விருந்தாளி வந்தேவிட்டது. சுஜிக்கு நெஞ்சு காந்தியது.

சாயங்காலம் மாளவிகாவே கதவைத் தட்டினாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, செம்பருத்தி போச்சு. பெருசு பெருசா வெள்ளைப் புழு. நல்ல பூச்சி, கெட்ட பூச்சியெல்லாம் சும்மா கதைக்கா. உங்க மருந்து கொஞ்சம் தர்றீங்களா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுஜி உள்ளே போய் மருந்து பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தாள். "அரை மூடி ஊத்து. காலையில வெயிலுக்கு முன்ன அடிச்சிடு."

மறுநாள் காலை ஆறரைக்கு மாளவிகா படியேறும் சத்தம் கேட்டது. சுஜி காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். அடிக்கட்டும் என்று இருந்தாள். மாடியில் ஸ்பிரேயர் பம்பு அடிக்கும் சத்தம் வந்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"நிறுத்து! அடிக்காதே!"

செடியின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. வெள்ளைப் புழுக்கள் தரையில் சுருண்டு கிடந்தன. சுஜி மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"நேத்து மத்தியானம்."

மாளவிகா ஸ்பிரேயரைக் கீழே வைத்தாள். பிறகு ஹோஸைத் திருப்பி, மருந்து பட்ட இலைகளைக் கழுவ ஆரம்பித்தாள். சுஜி கிளைகளைப் பிடித்துக்கொண்டாள். மருந்து படாத பக்கம் ஏழு புழு உயிரோடு இருந்தது.

அந்த ஏழும் போதுமானதாக இருந்தது. ஏப்ரல் முடிவதற்குள் செம்பருத்தி தேறியது. மாளவிகா ஒரு மாதம் படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தாள். சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அது சுஜியை இன்னும் குறுகவைத்தது. சுஜி மருந்தடிப்பதை விட்டாள். தன் கொத்தமல்லியையும் பூக்கவிட்டாள். ஜூலையில் அவளுடைய அவரையிலும் புள்ளி போட்ட பொறிவண்டுகள் அசுவினி தின்றுகொண்டிருந்தன.

வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்றால், இல்லை. குழுவில் மாளவிகாவின் படம் வந்தால் இப்போதும் சுருக்கென்று இருக்கிறது. அந்த எரிச்சலோடேயே, மாளவிகா ஊருக்குப் போகிற நாட்களில் அவளுடைய வாளிகளுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு, சுஜி எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க இறங்குகிறாள்.