கல்யாண மண்டப லென்ஸும் கடலும்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில் கும்பாபிஷேகம். கோபுரத்தின் மேல் பூத்தூவ ஊர்க்காரர்கள் ஹெலிகாப்டர் வரவழைத்திருந்தார்கள். படம் எடுக்க என்னை அதில் ஏற்றிவிட்டார்கள். அதுவரை நான் எடுத்ததெல்லாம் கல்யாணம், காதுகுத்து, கோழிப்பண்ணைத் திறப்புவிழா. மண்டப மேடையில் நிற்கும் முப்பது சொந்தக்காரர்களையும் ஒரே படத்தில் அடக்குவதற்காக வாங்கிய வைடு ஆங்கிள் லென்ஸ்தான் அன்றும் கேமராவில் இருந்தது.

இறங்கியதும் பைலட் படங்களை வாங்கிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுகிறவர்.

“நாளைக்குக் காலையில கடற்கரைக்குப் போறேன். ஒரு ரிசார்ட்டுக்கு மேலேர்ந்து படம் வேணுமாம். வர வேண்டிய போட்டோகிராபருக்குக் காய்ச்சல். நீங்க வர்றீங்களா?”

கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் முட்டை லாரி ஓட்டுகிறவர். அன்று லோடு இல்லாமல் வீட்டில் இருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நிம்மதி என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது எனக்கு.

“போயிட்டு வா புள்ள. பெல்ட்டை மட்டும் ரெண்டு தடவ இழுத்துப் பாத்துக்கோ,” என்றார்.

மறுநாள் காலை என் பக்கத்துக் கதவைக் கழற்றிவிட்டார்கள். எழும்பியதும் குளிர் முகத்தில் அறைந்தது. நாமக்கல் மலை ஒரு கூழாங்கல் அளவுக்குச் சிறுத்துப் பின்னால் போனது. கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகள் பனிக்குள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. மோகனூரில் காவிரியைப் பிடித்தோம். அதன் பிறகு பைலட் ஆற்றை விடவே இல்லை. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்தபோது இடது கையான கொள்ளிடத்தின் மேலேயே போனார். மணலும் தண்ணீரும், மணலும் தண்ணீரும். ஹெட்போனுக்குள் அந்த இரைச்சலே ஒரு தாலாட்டாகிவிட, கண் திறந்தபடியே நான் தூங்கிப்போயிருக்க வேண்டும்.

கடல் எந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயல் ஈரமானது, ஈரம் உப்பங்கழியானது, கழிக்கு அந்தப் பக்கம் கரையே இல்லை. ஆற்றின் பழுப்புத் தண்ணீர் நீலத்துக்குள் வெகுதூரம் போய், அவசரமே இல்லாமல் கரைந்துகொண்டிருந்தது. எங்கள் நிழல் ஒரு சின்னப் பூச்சியாக அலைமேல் கூடவே வந்தது. கீழே ஒரு படகிலிருந்து யாரோ கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

“படம் எடுக்கறீங்கல்ல?” ஹெட்போனில் பைலட்டின் குரல்.

“எடுக்கறனுங்க,” என்றேன். கேமரா மடியில் கிடந்தது.

எடுக்கத் தொடங்கியபோது வேறு தொல்லை. மண்டபத்தில் ஓரத்து அத்தையைக்கூட விடாத அந்த லென்ஸ், இங்கே ஹெலிகாப்டரின் கால் கம்பியையும் சுழலும் இறக்கையையும் விடாமல் சேர்த்துப் பிடித்தது. பைலட்டிடம் சொன்னேன்.

“கொஞ்சம் சாய்க்கறேன். கேமராவைக் கதவோரத்துல ஊன்றாதீங்க, அதிரும்.”

சாய்ந்தது. என் வலப்பக்கம் முழுக்கக் கடல் எழுந்து நின்றது. பெல்ட்டை இழுத்துப் பார்க்க மறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருந்தேன். தரங்கம்பாடிக்குத் தெற்கே இருந்த ரிசார்ட்டைத் தாண்டும்வரை விரல் நிற்கவில்லை.

ரிசார்ட்காரர்கள் மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மற்றவற்றில் தண்ணீர் பழுப்பாக இருக்கிறதாம், மீன் காயவைத்திருக்கிறார்களாம். எனக்கு ஒரு நாள் முழுக்க முகம் தொங்கியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் கணவர் லோடு இறக்கிவிட்டு வந்தார். சாப்பிட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, மிச்சப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் விரல் நின்றது.

“இதப் பெருசு பண்ணு புள்ள.”

பெரிதாக்கினேன். கடலோரம் மணல்மேடு, அதை ஒட்டிச் சவுக்குத்தோப்பு, தோப்புக்கு இந்தப் பக்கம் ரோடு. ரோட்டோரத்தில் ஒரு லாரி. நிழலில் ஒரு ஆள் படுத்திருக்கிறார்.

“இது நம்மூரு முட்டை வண்டி. அந்த லாரி பாடியப் பாத்தாலே தெரியுது. நானும் அங்கதான் நிறுத்துவேன். அதே மரத்தடியிலதான் படுப்பேன்.” தோப்பைத் தாண்டி மணல்மேட்டுக்கு விரலை நகர்த்தினார். “எத்தனையோ வருசமாச்சு. சத்தம் கேக்கும். காத்துன்னு நெனச்சுக்குவேன். எந்திரிச்சு நாலு எட்டு நடந்ததில்ல.”

“ஏனுங்க?”

“லோடு இருக்குமே.”

அடுத்த நடையில் என்னையும் ஏற்றிக்கொண்டார். முட்டையை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், மத்தியானம், அந்த இடத்தில் வண்டி நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்குள் முன்னால் நடந்தார். மணல்மேட்டில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டார். கைலியை மடித்துக் கட்டிய கை மடிப்பிலேயே இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“நீ பாத்தப்ப இவ்வளவு சத்தமா இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லீங்க,” என்றேன். “மேல இருந்து ஒண்ணுமே கேக்கல.”

நண்டு ஒன்று குறுக்கே ஓடியது. அவர் அதன் பின்னால் ஈரமணலுக்கு இறங்கினார்.